அவசரம் லேது

ஜூலை 5, சனி

பஜனை முடிந்து பந்தி. வெங்கடம்மா இன்று இரண்டாவது பந்தியிலும் உட்கார்ந்தார். எங்கள் மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கும் அம்மா. மூன்று மாதமாக ரேஷன் அரிசி கிடையாது. நாலு குடித்தனத்துக்கும் ஒரே கரண்ட் மீட்டர், அது இவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. இத்தனை யூனிட் எரிக்கிறவர் ஏழையாக இருக்க முடியாது என்று கார்டை எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு தெருவிலேயே இப்படிப் பதினேழு பணக்காரர்கள்!

ஜூலை 12, சனி

கமிட்டி கூடியது. சோறு போட்டால் போதுமா, சட்டசபையில் இருப்பவரிடம் போய்க் கேட்க வேண்டாமா என்று வாயைக் கொடுத்தேன். தலைவர் திருவேங்கடம், தமிழும் தெலுங்கும் தெரிந்த நகரிக்காரர், உடனே ஒப்புக்கொண்டார். பிறகு இரண்டு மணி நேரம் பேசினோம், சால்வை என்ன நிறம் என்று. மனுவுக்கு ஐந்து நிமிடம். சோளிங்கரிலிருந்து திருப்பதிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். தமிழ்க் கையெழுத்து.

ஜூலை 21, திங்கள்

கம்பெனிக்கு லீவு போட்டு எம்எல்ஏ வீட்டு வாசலில் மூன்று மணி நேரம். திருவேங்கடம் போட்டோகிராபரைத் தேடிப் போன சமயம் பார்த்து உள்ளே கூப்பிட்டார்கள். தனியாகப் போனேன். எம்எல்ஏ மனுவைப் புரட்டினார். சனிக்கிழமைதோறும் அன்னதானம் செய்கிறீர்களாமே என்று மெச்சினார். அதுவரை தெலுங்கு புரிந்தது. பிறகு தோளில் தட்டி, "மீரு உன்னாரு கதா. அவசரம் லேது" என்றார்.

நீங்கள் இருக்கிறீர்களே, அவசரமில்லை. மெதுவாகச் செய்து கொடுப்பார்! வெளியே வந்து தமிழில் அப்படியே சொன்னேன். திருவேங்கடத்துக்கு ஒரே சந்தோஷம். சால்வை, போட்டோ, டிபன்.

ஆகஸ்ட் 9, சனி

கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்று வெங்கடம்மாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே.

ஆகஸ்ட் 30, சனி

போட்டோவுக்கு ஃபிரேம் போட்டு மண்டபத்தில் மாட்டியாயிற்று. பெருமாள் படத்தைவிடச் சற்றே பெரியது.

செப்டம்பர் 6, சனி

பாத்திரம் தேய்த்துக்கொண்டே வெங்கடம்மா கேட்டார், எம்எல்ஏ தன் வாயால் என்ன வார்த்தை சொன்னார் என்று. சொன்னேன். அந்த அம்மாவின் கை நின்றது.

"சார், தெலுங்குல அவசரம்னா தேவை. தேவையே இல்லன்னு சொல்லிக்கீறாரு. நான் ஒண்ணரை மாசமா காத்துக்கினு கீறேன்."

கத்தவில்லை. மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வெக்கமா இருக்கு. தெரிலன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? செயலாளராம் செயலாளர்! அதைவிடக் கொடுமை — அந்தாளு சொன்னதோட முழு அர்த்தம். நீங்கதான் சோறு போடறீங்களே, இது எதுக்கு? நாங்க போட்ட சோறே அந்த அம்மா அரிசிக்குத் தடையாப் போச்சே. பதினேழு வீடு. யாருக்குப் புண்ணியம்?

செப்டம்பர் 20, சனி

மறுபடி மனு. இந்த முறை பக்கத்துத் தெரு சர்ச்காரர்களையும் மசூதிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டோம். யார் பெயர் முதலில் வருவது என்பதிலேயே ஒரு வாரம் ஓடியது. மூன்று கடவுள்களும் விட்டுக்கொடுத்திருப்பார்கள், மூன்று கமிட்டிகள் விடவில்லை. கடைசியில் வெங்கடம்மா பெயரை முதலில் போட்டோம். கேட்டது சோறு இல்லை. மீட்டரை எண்ணாதீர்கள், அடுப்பை எண்ணுங்கள், அந்த விதியை மாற்றச் சட்டசபையில் பேசுங்கள் என்று கேட்டிருக்கிறோம்.

மனுவின் தலைப்பை மட்டும் நானே தெலுங்கு எழுத்தில் எழுதினேன். இரண்டு நாள் பழகி, ஒரே ஒரு வார்த்தை: அவசரம். தமிழனாகப் படித்தாலும் தெலுங்கனாகப் படித்தாலும் தப்பில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

மூன்று லெட்டர்பேடையும் சேர்த்துப் பார்த்ததும் எம்எல்ஏ எழுந்தே நின்றுவிட்டார். பசிக்காக எழுந்தாரா ஓட்டுக்காக எழுந்தாரா என்று நான் கேட்கவில்லை. சபையில் கேட்கிறேன் என்று சொன்னதை மட்டும் திருவேங்கடத்திடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். சால்வை கொண்டுபோகாததால் அவருக்குத்தான் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அக்டோபர் 18, சனி

விதி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதிகாரிகள் வந்து எங்கள் தெருவில் அடுப்பை எண்ணினார்கள். பதினொரு கார்டு திரும்புமாம், வெங்கடம்மாவுடையதும் சேர்த்து. மீதி ஆறு பேருக்கு ஏதோ ஒரு காகிதம் இல்லையாம். மனு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் 15, சனி

பந்தியில் வெங்கடம்மாவைக் காணவில்லை. பதறிப்போய்த் தேடினேன். அடுப்படியிலிருந்து சாம்பார் வாளியோடு வந்தார். இலை போடட்டுமா என்றேன்.

"அவசரம் லேது சார்."

யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த ஆறு பேர் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போனார்.