தந்திக்குக் கொடுத்த கால் மாத்திரை

11.9.2006, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மேகம் மூடுகிறது, மழை இல்லை.

வேலைகள்: அவருக்கு எண்ணெய் தேய்ப்பு. ரேஷன். தண்ணீர்த் தொட்டி கழுவ.

சிதம்பரம் முழுக்க சிக்குன்குனியா. எங்கள் தெருவில் நடக்கிறவர்கள் எல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு. அவருக்கு மூன்றாவது வாரம். கட்டிலை விட்டு எழ நான் கை கொடுக்க வேண்டும். சுகாதாரத்துறை ஆட்கள் வீடு வீடாகப் பாராசிட்டமால் பட்டைகளைக் கொடுத்துப் போயிருக்கிறார்கள். மேசை டிராயர் நிறைய.

தந்தி இன்று ஒன்றும் தொடவில்லை. இடது முன்னங்கால் ஊன்றவில்லை. காது சுடுகிறது. அவர் வயிற்றின் மேல் ஏறிப் படுக்கக்கூடத் தெம்பில்லை. தபால் ஆபீசில் இருபது வருஷம் தந்தி அடித்தவர் பூனைக்கு ஆசையாக வைத்த பெயர்.

"பூனைக்கும் சிக்குன்குனியா வருமா டீச்சர்?" என்கிறார். மனைவியை டீச்சர் என்று கூப்பிடும் ஒரே ஆள்.

மீன்கார அஞ்சலை வந்தாள். வழக்கம்போல் தந்திக்கென்று இரண்டு மத்தி தனியாக. சுனாமி அலை வந்துபோன மறுமாதம், பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் குப்பத்தில் தாயில்லாமல் கத்திய குட்டியை மீன் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். "எங்க ஊட்டுப் புள்ளைக்கு என்னா, மொகம் வாடிக் கெடக்கு?" என்றாள். மத்தியைத் தந்தி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாக்கடையில் கொட்டினேன்.

டிராயரிலிருந்து ஒரு பட்டை எடுத்தேன். 60 கிலோ ஆளுக்கு 500 மி.கி. 4 கிலோவுக்கு 33. மாத்திரையைப் பதினைந்தாக யார் உடைப்பது? கால் மாத்திரை என்று வைத்துக்கொண்டேன். வெண்ணெயில் பொதித்துக் கொடுத்தேன். சமர்த்தாக விழுங்கிற்று. சாயந்திரம் இன்னொரு கால்.

12.9, செவ்வாய்

வெயில். தந்தியின் முகம் பலாக்கொட்டை மாதிரி வீங்கி. வாயோரம் நுரை. பாதங்களும் உப்பல்.

துணிக்கூடையில் துண்டு விரித்து, ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரி. எனக்கு முன்னால் இரண்டு ஆடு, கீரப்பாளையத்திலிருந்து ஒரு கன்றுக்குட்டி. டாக்டர் இளவயது. பொறுமையாகப் பார்த்தார்.

"வூட்ல மாத்திர மருந்து எதுனா குடுத்தீங்களா மேடம்?"

"இல்லை."

"நெனச்சுப் பாத்து சொல்லுங்க. மனுசங்க மருந்து எதுனா?"

"இல்லை டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வரிசையில் பின்னால் நின்றவர்களில் ஒருத்தி என் பழைய மாணவி. "கணக்கு டீச்சர்தானே!" என்று அப்போதுதான் சிரித்திருந்தாள்.

"அப்ப கெட்டுப்போன மீன் எதுனா தின்னுச்சா?"

"நேற்று மத்தி" என்றேன். தின்னாத மத்தி.

ஊசி, குளுக்கோஸ். வீட்டுக்கு அனுப்பினார். டாக்டர் கெட்ட மீனைக் கேட்டதை வந்து அவரிடம் சொன்னேன்.

மத்தியானம் அஞ்சலையின் குரல் கேட்டதும் அவர் கட்டிலிலிருந்தே ஜன்னல் வழியாகக் கத்தினார்: "அழுகின மீனப் போட்டுப் பூனையக் கொல்லப் பாக்குறியா? இனிமே இந்த வாசப்படி மிதிக்காத!"

"என் மீனா சார்? அஞ்சு மணிக்கு வலையிலேந்து எடுத்த மீனு சார் அது!"

எதிர்வீட்டு கோமதி, கையில் பாத்திரத்தோடு மீன் வாங்க வந்தவள், அப்படியே திரும்பினாள். "எனக்கும் வேணாம்பா. சின்னப் புள்ளைங்க இருக்கற வூடு." அவளிடம் வாங்கும் மற்ற மூன்று வாசலும் சாத்திக்கொண்டன.

அஞ்சலை என்னைத்தான் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க டீச்சரம்மா."

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வந்த நான் கரண்டியோடு நின்றேன். ரசம் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். ரசம் பொங்கவில்லை.

13.9, புதன்

தந்தி வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. ஈறு சிவப்பாக இல்லை. சேற்று நிறம்.

வகுப்பில் தப்பாகப் போட்ட கணக்கைப் பிள்ளைகள் உள்ளங்கையால் மூடிக்கொள்வார்கள். கையை எடு, அடிக்க மாட்டேன், எந்தப் படியில் தப்பு என்று பார்ப்போம் என்பேன். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

ஆட்டோவில் போகும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். டாக்டர் முன்னால் நின்றதும், "பாராசிட்டமால். கால் கால் மாத்திரை. இரண்டு தடவை. திங்கட்கிழமை."

"நேத்தே கேட்டேனே மேடம். ரெண்டு வாட்டி கேட்டேன்." குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

காதோரம் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வெள்ளைப் பஞ்சில் வைத்தார். காப்பிக் கறை மாதிரி. சிவக்கவே இல்லை.

"மனுசன் ஈரல் இந்த மருந்த ஒடச்சு வெளிய தள்ளிடும். பூனை ஈரலுக்கு அந்த வேல வராது மேடம். விஷமா நின்னு ரத்தத்தக் கெடுத்துடும். எடைக்குத் தக்கன கொறச்சாலும் அதேதான்."

ஐந்து ஆள் வெட்டும் கிணற்றை ஐந்து ஆடு வெட்டுமா என்று கேட்டுப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவள் நான். விகிதம் போடுமுன் இரண்டு பக்கமும் ஒரே இனமா என்று பார். முதல் பாடம். போதாததற்கு 33-ஐ 125 ஆக்கியிருக்கிறேன். என் பிள்ளைகள் யாராவது செய்திருந்தால் சுழியம்.

ஊன்றாத முன்னங்காலைப் பிடித்துக் காட்டினார். மயிருக்குள் பல் பட்ட ஓட்டை, உள்ளே சீழ். கடுவன் பூனையோடு சண்டை. காய்ச்சல் அதனால். சிக்குன்குனியாவாம்!

சீட்டு எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் படித்துவிட்டுப் பதறினார்: "வூட்ல யாராச்சும் மாத்திர முழுங்கிட்டாங்களா?" மனிதர்கள் அளவுக்கு மீறி இதே மாத்திரையை விழுங்கினாலும் இந்தக் குப்பிதான் விஷமுறிவாம்.

"பூனை" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

தந்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். "ஒரு நாள் வீணாப் போச்சு. பாப்போம்" என்றார் டாக்டர்.

14.9, வியாழன்

இரண்டு தடவை போனேன். சிறுநீர் டிக்காஷன் நிறம். கண் திறக்கிறது, என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் சொன்னவை, மறக்காமலிருக்க:
– நம் மாத்திரை எதுவும் கூடாது. கால் அல்ல, துளிகூட.
– பூனை ஒரு நாள் சாப்பிடாவிட்டாலே தூக்கிக்கொண்டு வரவேண்டும்.
– மூச்சு வாங்கும்போது பால், தண்ணீர் புகட்டக் கூடாது.
– என்ன கொடுத்தோம், எப்போது, எவ்வளவு, முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

நாலாவதைச் சொல்லும்போது அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலை வரவில்லை.

16.9, சனி

தூறல். தந்தி வீட்டில்! வீக்கம் பாதி. ஈறு வெளிர் ரோஜா. ஒரு ஸ்பூன் மீன் வேகவைத்த நீரை நக்கிற்று. ஈரலுக்கு இன்னும் இரண்டு வாரம் மருந்து.

அவர் வயிற்றில் படுக்க வைத்தேன். தடவிக்கொண்டே, "பாவி அஞ்சலை" என்றார்.

சொல்லிவிட்டேன். மாத்திரை, மத்தி, டாக்டரிடம் பொய், எல்லாம்.

தந்தியின் காதைத் தொட்டுச் சூடு பார்த்தார். பிறகு, "அப்ப நான் கத்தறப்ப நீ எங்க இருந்த?"

"அடுப்படியில்."

"கேட்டுதா?"

"கேட்டது."

டீச்சர் என்று கூப்பிடவில்லை இன்று.

நாளை புரட்டாசி பிறக்கிறது. தெருவில் ஒரு மாதம் யாரும் மீன் வாங்க மாட்டார்கள், அவளும் வரமாட்டாள், ஐப்பசிக்குள் எல்லாரும் மறந்துவிடுவார்கள். இப்படி ஒரு நினைப்பு மத்தியானம் வந்தது. வந்ததை எழுதி வைக்கிறேன்.

17.9, ஞாயிறு. புரட்டாசி 1

காலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மீன் விற்கும் இடம். கூட்டமில்லை. அஞ்சலை சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முதல் கேள்வி: "புள்ள இருக்கா, போயிடுச்சா?"

"இருக்கிறது."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் முகம் மாறிற்று.

குனிந்து, மெல்லிய குரலில் எல்லாம் சொன்னேன். மன்னிச்சுக்கோ அஞ்சலை என்றேன். கையைப் பிடிக்கப் போனேன். செதில் ஒட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட எதுக்கு டீச்சரம்மா ரகசியமா சொல்றீங்க? எம் மீனு நல்ல மீனுன்னு எனக்குத் தெரியாதா? தெருவுல போன பேரு. தெருவுல சொல்லுங்க."

"வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுகிறேன்."

"வாணாம். நீங்க என்னா சொன்னீங்கன்னு நான் எங்க கண்டேன்? நாளைக்கு ஏழு மணிக்கு வர்றேன். நான் கேக்கணும்."

பக்கத்துக் கூடைக்காரி: "பொரட்டாசில எவ வாங்குவா, பஸ்சுக்குத் தண்டம்டி!"

"விக்கவா போறேன்?" என்றாள் அஞ்சலை.

18.9, திங்கள்

ஏழுக்கு முன்பே வாசல் தெளித்தாயிற்று. தந்தி அரை மத்தி அளவு சோறு. நொண்டல் குறைவு.

"மீனேய்!" அதே குரல். கோமதி ஜன்னலிலிருந்து, "பொரட்டாசி ஆச்சே அஞ்சல, மறந்துட்டியா?"

"மறக்கலக்கா. வெளிய வாங்க. டீச்சரம்மா என்னாமோ சொல்லணுமாம்."

கோமதி வந்தாள். அடுத்த வீட்டிலிருந்து மாமியாரும் மருமகளும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலண்டை தானாகவே எழுந்து நின்றார், தந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு.

முப்பத்திரண்டு வருஷம் அறுபது பிள்ளைகள் முன்னால் நின்று பேசியவளுக்குக் குரல் வரவில்லை. "திங்கட்கிழமை..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன்.

அஞ்சலை வெறும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"நிதானமா சொல்லுங்க டீச்சரம்மா. கடசி வூட்டுக்காரங்களும் வந்துரட்டும்."