உன் கியர் இல்லாத வண்டி

சனிக்கிழமை காலை எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் வாட்ச்மேன் என்னை நிறுத்தி, "மேடம், நிம்ம காடி கெளகே ஆயில் பித்திதே, நோடி" என்று கன்னடத்தில் சொல்லி, வண்டிக்கு அடியில் ஆயில் சிந்தியிருப்பதை டார்ச் அடித்துக் காட்டினார். பிக்கப்பின் முன்பக்கம், சிமென்ட் தரையில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கறை. குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். அது என் பழக்கமல்ல, உன்னுடையது. "கறுப்பா இருந்தா எஞ்சின் ஆயில், பச்சையா இருந்தா கூலன்ட். ரெண்டுக்கும் பயப்படாத. சிவப்பா இருந்தா கியர்பாக்ஸ் ஆயில், அதுக்கு மட்டும் எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லியிருந்தாய். கையில் போன் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு எழுத இவ்வளவு தாமதமாகிவிட்டது. நீ எங்களை விட்டுப் போன மழைக்காலத்தில் கல்லூரி வாட்ஸப் குழுவில் எல்லோரும் பத்தி பத்தியாக எழுதினார்கள். நான் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டப் போனேன். இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

வேலூரில் படிக்கும்போது ஸ்கூட்டியிலிருந்து விழுந்து உன் இடது முட்டி கெட்டது. பிறகு இருவரும் ஒயிட்ஃபீல்டில் ஒரே கம்பெனியில் சேர்ந்தோம். நான் அங்கேயே இருந்துவிட்டேன், நீ வேலையை விட்டு ஆபீஸ்களுக்குச் செடிகளை வாடகைக்கு விட ஆரம்பித்தாய். வாடிய தொட்டிகளை எடுத்துக்கொண்டு செழிப்பானவற்றை வைத்துவிட்டு வர ஒரு பிக்கப் தேவைப்பட்டது. அந்த டிராஃபிக்கில் அடிக்கொரு தடவை கிளட்ச் மிதிக்க உன் முட்டி ஒத்துழைக்காது என்பதால் ஆட்டோமேட்டிக் வாங்கினாய். உங்கள் வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. லோடு ஏற்ற யாராவது கியர் இல்லாத வண்டி வாங்குவார்களா, அது நின்றுவிட்டால் யார் பார்ப்பது என்றார்கள். நீ சொன்ன பதிலை உன் அம்மா இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். "கியர்பாக்ஸ் போச்சுன்னா ஸ்பேர் கிடைக்கும்மா. என் முட்டிக்குக் கிடைக்காது."

எனக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுத்த நாளில் நம் இருவருக்கும் சண்டைதான் நடந்தது. தெருவில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது எதிரே வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்ததும் வண்டி முழுசாக நிற்பதற்குள் நான் ரிவர்ஸுக்குத் தள்ளினேன். உள்ளே எதுவோ இடித்தது. நீ என் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தாய்.

"நின்னப்புறம் மாத்துடி. ஓடிட்டு இருக்கிறவளைப் பின்பக்கமா ஓடுன்னு சொன்னா என்ன ஆகும்?"

"அவன் ஹாரன் அடிக்கிறான்டி!"

"அவன் அடிச்சுட்டுப் போறான். கியர்பாக்ஸ் அவனோடதா?"

முன்னே போக டி-யில் போட்டதும் வண்டி ஒரு நொடி சும்மா இருந்துவிட்டுத்தான் இழுக்கும். அந்த ஒரு நொடியில் நான் திரும்பி உன்னைப் பார்ப்பேன். "அது யோசிக்குது. கூடச் சேர்ந்து நீயும் யோசிக்காத" என்பாய். சரிவில் நிறுத்தும்போது நேராக பி-யில், அதாவது பார்க்கில், போட்டுவிட்டு இறங்க விடமாட்டாய். பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரல், அப்புறம் கைப்பிரேக், அப்புறம் காலை மெதுவாக எடுக்க வேண்டும். வண்டி ஒரு அங்குலம் நகர்ந்து தன் எடையைக் கைப்பிரேக்கில் இறக்கும். "உக்காரட்டும்" என்பாய். அது உட்கார்ந்த பிறகுதான் பி. இல்லாவிட்டால் முழுப் பாரமும் கியர்பாக்ஸுக்குள் இருக்கிற விரலளவு இரும்புத் துண்டில் தொங்கும் என்றாய்.

ஒருநாள் ஈரமண் தொட்டிகள் நிறைய ஏற்றிக்கொண்டு, என் பாப்பாவை க்ரெஷ்ஷில் இருந்து கூப்பிட என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தாய். ஊர்ந்து ஊர்ந்து வந்ததில் கருகுவதுபோல் லேசான வாசனை. நீ ஓரமாக நிறுத்தினாய். நான் எஞ்சினை அணைக்கச் சாவியைத் தொட்டேன்.

"அணைக்காத. ஆயில் சுத்திட்டே இருந்தாதான் சூடு இறங்கும்."

"பாப்பா காத்துட்டு இருப்பாடி."

"இன்னைக்குக் காத்துட்டு இருக்கட்டும். இது போச்சுன்னா தினமும் காத்துட்டு இருப்பா."

கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாய். எனக்கு ஒரு கடலைகூட இறங்கவில்லை. நீ பொட்டலத்தைக் காலி செய்தாய்.

வண்டிக்கு ஓய்வு கொடுத்தவள் தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மையில்லை. நீ நன்றாகத் தூங்குவாய், தலைவலி என்றால் செடிக்கடையை மூடுவாய், காய்ச்சல் வந்த முதல் நாளே டாக்டரிடம் போனாய். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாய். அப்படியும் அந்தக் காய்ச்சல் உன்னை விடவில்லை. இதில் நான் புரிந்துகொள்ள ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

உன் அம்மா சாவியை என் கையில் கொடுத்தார். "எங்களுக்கு இந்த வண்டி ஓட்ட வராதும்மா. நீயே வச்சுக்கோ. வேற யாராவது வாங்கினா கெடுத்துடுவாங்க" என்றார். அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பெரிய பாரமாகிவிட்டது. இப்போது அதில் பாப்பாவை ஸ்கூலுக்குக் கூட்டிப் போகிறேன். ஒவ்வொரு இழுப்பிலும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுகிறேன்.

சிவப்புக் கறையைப் பார்த்ததும் என் கணவர் முடிவே செய்துவிட்டார். "ஓடும்போதே வித்துடலாம். கியர்பாக்ஸே போச்சுன்னா அப்புறம் யாரும் தொடமாட்டாங்க. ரோட்டு நடுவுல குழந்தையோட நின்னா என்ன பண்ணுவ?" அவர் சொன்னது தவறில்லை. எனக்கும் அதே படம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு தடவை காட்டிட்டு வந்துடறேன். கெட்டுப்போச்சுன்னு சொன்னா நானே விக்கிறேன்" என்றேன்.

பொம்மசந்திராவில் நீ போகும் பட்டறை தெரியும், ஆனால் அதுவரை நான் போனது இல்லை; வண்டியை அங்கேதான் கொண்டுபோனேன். அங்கே எல்லோரும் பாய் என்று கூப்பிடும் பெரியவர் உனக்குப் பழக்கமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் புதிதாக வந்தவராம், உன்னைத் தெரியவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் போய்ப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் விறைத்து வெடித்திருக்கிறது, அதிலிருந்துதான் ஒழுகுகிறது என்றார். "கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் இல்லியா?" என்று மூன்று விதமாகக் கேட்டேன். அவர் அடியில் ஒரு போல்ட்டைத் தளர்த்தி விரலில் கொஞ்சம் ஆயிலை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க. ரூஹ் அஃப்ஸா சர்பத் மாதிரி இருக்குது. கருகின வாசனை வருதா? வரல. லோடு வண்டியில இப்படி நான் பாத்ததே இல்ல. யாரும்மா வச்சிருந்தது?"

"என் ஃப்ரெண்டு."

"நல்லா வச்சிருக்காங்க. கடைசியா ஆயில் எப்போ மாத்தினாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் இப்போ மாத்தணுமா வேணாமான்னு பாக்கணும்."

நான், "கேக்குறேன் பாய்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரைத் திருத்தத் தோன்றவில்லை. அன்றும் மறுநாளும் சும்மா இருந்தேன். பிறகு பாய்க்குப் போன் செய்தேன்.

"அவளுக்கு ஞாபகம் இல்லையாம் பாய்."

"அப்போ மாத்திடுவோம். இன்னையிலேர்ந்து புதுக் கணக்கு. தெரியாம ஓட்டறதை விட அது மேல்."

நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். ஆனாலும் பட்டறையில் அடிபோல்ட்டைக் கழற்றியதும் அந்தச் சிவப்பு தட்டில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நன்றாக இருக்கிற ஆயில். நீ ஊற்றியது. ஒரு நல்ல பொருளை, தேதி தெரியாத ஒரே காரணத்துக்காகக் கொட்டுகிறோம். வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது ஆயில் ஒழுகுவது நின்றுவிட்டிருந்தது.

"அவ்வளவுதானா?"

"பூரா வராதும்மா. பாதி உள்ளயே தங்கிடும், கன்வெர்ட்டருக்குள்ள. புதுசு ஊத்தினா அதோட கலந்துடும். மெஷின் போட்டா மொத்தமா எடுத்துடலாம். போடட்டுமா?"

"கலந்தா கெடுதலா?"

"இவ்ளோ நல்ல ஆயில் கலந்தா என்ன கெடுதல்?"

"அப்போ வேணாம். இருக்கட்டும்" என்றேன்.

கணவரிடம் ஹோஸ்தான் என்று சொன்னேன். வண்டியை விற்கும் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் தரையைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸ் போகிறார். நானும் பார்க்கிறேன். சுத்தமாக இருக்கிறது. பேஸ்மென்ட் சரிவில் நிறுத்தும்போது பிரேக், நியூட்ரல், கைப்பிரேக், காலை எடுத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கிறேன். பின்சீட்டில் பாப்பா, "இறங்கலாமாம்மா?" என்று பெல்ட்டை இழுக்கிறாள். "உக்காரட்டும் இரு" என்கிறேன்.

நேற்று ஸ்கூல் வாசலில் காத்திருந்தபோது ஒரு கணக்குப் போட்டேன். அடுத்த முறை மாற்றும்போது உள்ளே இருப்பதில் பாதி போகும், அதற்கடுத்த முறை மீதியில் பாதி. எத்தனை முறை மாற்றினாலும் கணக்குப்படி நீ ஊற்றியது முழுசாக ஒருநாளும் தீராது. கேட்டிருந்தால், "இன்ஜினியரிங் படிச்சது இதுக்குத்தான்டி ஆச்சு" என்று சிரித்திருப்பாய்.

உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பாயிடம் சொன்னேன் இல்லையா. இதோ, கேட்டுவிட்டேன்.