கறுப்புக்கு அடியில் பச்சை

அன்புள்ள அம்மாவுக்கு, லைல் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். டெட்ராய்ட்டில் பேச்சுத்துணைதான் இல்லை.

முதலாளி ராய்ஸ் துருப்பிடித்த பழைய எட்டு சிலிண்டர் கார் ஒன்றைப் புதுப்பிக்கத் தந்திருக்கிறார். கறுப்புப் பெயிண்டைத் தேய்த்தால் அடியில் பச்சை. வெண்டல் அண்ணன் ஓட்டிப்போய்த் திரும்பாத காரின் அதே பச்சை. இடது கதவில் நாங்கள் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய பள்ளம் போலவே ஒன்று.

“எங்கே வாங்கினீங்க?” என்று விளையாட்டாகக் கேட்டேன்.

ராய்ஸ் சிரிக்கவில்லை. “கேள்வி கேக்கவாடா சம்பளம் தரேன்? முதல்ல எஞ்சின் நம்பரைத் தேய்ச்சு அழி.”

அழிக்குமுன் குறித்துக்கொண்டேன். பயப்படாதே, பச்சைக் கார்கள் எத்தனையோ உண்டு. அண்ணன் காரின் பதிவுத்தாளில் உள்ள எஞ்சின் நம்பரை எழுதி அனுப்பு. கம்பளிக் காலுறையும் இரண்டு ஜோடி வேண்டும். ராய்ஸின் பட்டறை முகவரிக்கு மட்டும் அனுப்பாதே, என் அறைக்கே அனுப்பு.

ராய்ஸ் வருகிறார், நிறுத்துகிறேன்.

லைல்