அது உங்கள் படகு இல்லை

இஞ்சாருங்கோ, என் உயிரே,

பதினேழு வருடமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் அது வரமாட்டேன் என்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை அடக்கம் செய்து இன்றைக்கு இருபது நாள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். ஆனால் இதை அதற்காக எழுதவில்லை. முந்தாநாள் கடற்கரையில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

கொழும்பிலிருந்து ஒரு ஐயா வந்தார். அரசாங்கக் காரியங்களில் அநியாயம் நடந்தால், சனம் எழுதுகிற முறைப்பாட்டை விசாரிக்கப் பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறாராம். ஒம்புட்ஸ்மன் என்று சொல்கிறார்கள், எனக்கு வாயில் நுழையவில்லை. அவர் அனுப்பிய ஆள் இவர். சண்டையில் வள்ளம் எரிந்தவர்களுக்கு நிவாரணமாகக் கொடுத்த படகுகளைப் பார்க்க வந்தவர். என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். உங்கள் கோணல் எழுத்து.

'எனக்குப் படகு தந்ததாகக் கடற்றொழிலாளர் சங்கத்துப் பட்டியலில் இருக்கிறது. நான் அதைக் கண்ணாலும் காணவில்லை.' எழுத்துக் கூட்டி வாசித்தேன். கீழே உங்கள் கையெழுத்து. எப்போது எழுதினீர்கள்? எனக்கு ஏன் சொல்லவில்லை? நான் பயப்படுவேன் என்றா?

பிறகு ஐயா இன்னொரு தாளைக் காட்டினார். படகு கிடைத்தது என்பதற்கான பற்றுச்சீட்டு. உங்கள் பெயருக்கு நேரே ஒரு பெருவிரல் அடையாளம். நீங்கள் கைநாட்டு வைக்கிற ஆளா? கல்யாணப் பதிவில் நான் விரலை மையில் வைக்கப் போக, "பேரை எழுதும், உமக்கு ஏலும்" என்று மறித்தவர் நீங்கள்.

"போட் அங்கை நிக்குது, வந்து பாருங்கோ ஐயா" என்று சங்கத் தலைவர் முன்னால் நடந்தார். அவர்தான், நம் மகளின் ஞானத்தகப்பன். அவளுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் வார்க்கும்போது கையில் ஏந்தி நின்றவர். உங்கள் சவப்பெட்டியையும் தூக்கினவர்.

கரையில் ஒரு பைபர் போட். நீலம் பூசி 'அந்தோனியார்' என்று எழுதியிருந்தது. ஐயா நின்ற பக்கம் வடிவாகப் பூசியிருந்தார்கள். நான் நின்ற பக்கம் அவசரம். நீலத்துக்குக் கீழே வேறு எழுத்து மங்கலாகத் தெரிந்தது: 'முருகன் துணை.' ஐயா முதல்நாள் அனலைதீவில் படகு பார்த்துவிட்டு வந்தவர்.

பின்னால் நின்ற திரேசக்கா வாய்க்குள் சொன்னா: "நேற்று அங்கை முருகன், இண்டைக்கு இஞ்சை அந்தோனியார். ஒரே நாளிலை ஞானஸ்நானம் குடுத்திட்டினமடி."

"நாளைக்கு நயினாதீவுக்குப் போனால் அம்மன்" என்றது இன்னொரு குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு படகுதான், தீவு தீவாகக் காட்டுகிறார்கள். அது உங்களுக்குக் கிடைத்திருந்தால், பலகை விட்ட அந்த இரவல் வள்ளத்தில் கடலுக்குப் போய் ஏன் சாகப்போகிறீர்கள்?

தலைவர் என் காதோடு வந்தார். "தங்கச்சி, உன்ரை பிள்ளை எனக்கும் பிள்ளை. எங்கட கரையைக் காட்டிக் குடுத்திடாதை."

ஐயா கேட்டார்: "அம்மா, அவசரமில்லை. நல்லாய்ப் பாத்துச் சொல்லுங்கோ. இது உங்கட அவருக்குக் குடுத்த போட்தானோ?"

"ஓம்" என்றேன்.

என் வாயால்தான் வந்தது. ஐயா உங்கள் கடிதத்தை மடித்தார். "அப்ப, அவர் எழுதினது பொய் எண்டுதான் நான் எழுதவேணும்" என்று பேனையைத் திறந்தார். பதினேழு வருடத்தில் நீங்கள் எனக்கு ஒரு பொய் சொன்னதில்லை. வலை வெறுமையாக வந்த நாளில், வெறுமை என்றுதான் சொல்வீர்கள். உங்களையா நான் பொய்க்காரன் ஆக்கினேன்?

பின்னேரம் தலைவர் இரண்டு பாரை மீன் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்துவிட்டுப் போனார். மகள் கேட்டாள்: "அம்மா, அப்பாவின்ரை போட் எப்ப வந்தது? எனக்கு ஏன் ஒருத்தரும் காட்டேல்லை?" மீனை என்னால் தொட ஏலவில்லை.

ஐயா வெள்ளிக்கிழமை வரை ஊர்காவற்றுறை அரசாங்கக் கந்தோரில் இருப்பாராம். நாளைக் காலை அங்கே கடல் கடக்கிற முதல் லோஞ்சில் போகிறேன். நான் சொன்னதுதான் பொய், நீங்கள் எழுதியது உண்மை என்று சொல்லி, ஐயா அதை எழுதிக்கொள்ளும் வரை கதிரையை விட்டு எழும்பமாட்டேன். திரும்பி வந்தால் இந்தக் கரையில் எங்களோடு யார் பேசுவார்கள், வலையில் வந்த மீனில் யார் பங்கு தருவார்கள், தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

உங்கள் முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கொடுக்கிற நினைவு மடலில் இந்தக் கடிதத்தை ஒரு சொல்லும் குறையாமல் அச்சடிக்கக் கொடுக்கிறேன். கோயில் வாசலில் முதல் மடலை ஞானத்தகப்பன் கையில் நானே வைப்பேன். "வாசியுங்கோ அண்ணை, சத்தமாய்" என்று சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் மகளின் தாய்,
உங்கள் மனைவி