அரிசி டின்னுக்குள் ஒரு கோட்டை

அக்கா,

இதனால் சகலமான பேருக்கும், குறிப்பாக உனக்கும், அறிவிப்பது என்னவென்றால்: மாட்டுங்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் ஒரே கம்ப்யூட்டரில், கீழ் வரிசையில் நெடுங்காலம் பணியாற்றி வந்த ‘என்’ என்னும் ஆங்கில எழுத்துப் பொத்தான், இன்று சனிக்கிழமை மாலை ஐந்து மணி அளவில் பதவியைத் துறந்தது. மற்ற இருபத்தைந்து உறவினர்களும் நலம். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு நிமிடம் மௌனம் காத்தார். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார். அகப்படவில்லை. ‘என்’ பொத்தான் இப்போது என் பொத்தான். சட்டைப் பையில் இருக்கிறது.

அதில் எழுத்தே இல்லை. வெள்ளையாகத் தேய்ந்துவிட்டது. தேய்த்தது நீதான். கோட்டை ஆட்டத்தில் வடக்கே போ என்று சொல்ல அந்த எழுத்தைத்தானே அடிப்பாய்.

என் நிலவரம் கேட்டால், நம் சால் குடியிருப்பில் நான் இன்று பெரிய ஆள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாலே பையன்கள் சூழ்ந்துகொண்டு “பாய், எந்த கேம் பெஸ்ட்டு?” என்கிறார்கள். நான் பல் விளக்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்கிறேன். கோட்டை மணியை அடித்த ஒரே தாராவிக்காரன் அல்லவா.

டைப்ரைட்டிங் படிக்கப் போன உன் துணைக்கு என்றுதான் என்னை அனுப்பினார்கள். “தாராவில இருந்து மாட்டுங்காவுக்கு பொட்டப்புள்ள தனியாவா போவா? இவனும் கூடப் போட்டும்” என்றார் அப்பா. நான் உன்னைவிட இரண்டு வயது சின்னவன், ஒரு தலை குள்ளம். கிங்ஸ் சர்க்கிளில் டபுள் டெக்கர் பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடியது துணை. காலரைப் பிடித்து இழுத்தது நீ.

வாரம் முழுக்க அடித்ததில் ஒரு தாளாவது பிழையில்லாமல் இருந்தால் சனிக்கிழமை அரை மணி நேரம் கம்ப்யூட்டர். அது மாஸ்டரின் சட்டம். திரை போட்ட அந்த அறைக்குள் போக என்ன ஆசாரம்! “செருப்பை வெளில விடு. காலை நன்னாத் தொடைச்சுண்டு வா. மூச்சை மெள்ள விடு” என்பார். கோயிலில்கூட நான் அவ்வளவு சுத்தமாக நின்றதில்லை. வாரம் தவறாமல் அரை மணி உனக்குத்தான் கிடைக்கும். அதில் பாதியை என்னிடம் தள்ளிவிடுவாய். “நீ ஆடுலே, நான் பாக்கேன்.”

விண்கலம் சுடுகிற ஆட்டம்தான் எனக்கு உயிர். மேலிருந்து வரிசை வரிசையாக எதிரிகள் இறங்குவார்கள், தாதர் ஸ்டேஷனில் ஃபாஸ்ட் லோக்கல் வந்து நின்ற மாதிரி. சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீ பார்த்துவிட்டுச் சொன்னாய்: “கடேசில நீதானலே சாவ? ஜெயிக்கவே முடியாத ஆட்டத்துக்கு எதுக்கு இம்புட்டு வேர்வை?”

வட்ட வாய் ஒன்று சந்து சந்தாகப் புள்ளி தின்னும் ஆட்டத்துக்குப் பந்தி என்று பேர் வைத்தேன். பந்தியைக் கெடுக்க நாலு பேய்கள். முட்டாள் பேய்கள் என்று நான் சொன்னேன், அவற்றிடம் செத்துக்கொண்டே. நீ கன்னத்தில் கை வைத்துப் பார்த்திருந்தாய். “நாலும் ஒண்ணுபோலத் தொரத்தல. ஒண்ணு பின்னால வருது, ஒண்ணு முன்னால போய் மறிக்குது. நம்ம சால் பயலுவ கள்ளன் போலீஸ் வெளாடுதாப்லதான்.” அதற்கடுத்த வாரம் ஒரே ஆட்டத்தில் மூன்று பந்தியைக் காலி செய்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி பின்னலைச் சரிசெய்துகொண்டாய். கார் பந்தயம் நம் இருவருக்குமே பிடிக்கவில்லை. ஒரு மாடுகூடக் குறுக்கே வராத ரோட்டில் ஓட்டுவதற்கு என்ன சாமர்த்தியம் வேண்டும்?

கோட்டை ஆட்டம் மட்டும் உன்னுடையது. படம் கிடையாது, சத்தமும் கிடையாது. கறுப்புத் திரையில் இங்கிலீஷ் வாக்கியம் வரும்: பாழடைந்த கோட்டை வாசலில் நிற்கிறாய், என்ன செய்யப் போகிறாய்? பதிலை நாம் அடிக்க வேண்டும். உச்சியில் ஒரு மணி இருக்கிறது, அதை அடித்தால் ஆட்டம் முடிந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது. “இதுக்குப் பரீட்சையே எழுதலாம்” என்றேன். நீ டைப் அடித்த தாள்களின் பின்பக்கத்தில் அறை அறையாக வரைந்து ஒட்டினாய். அரை மணி முடிந்ததும், நின்ற இடத்தை ஒரு கேசட்டில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுவருவாய். அடுத்த சனிக்கிழமை அந்தக் கேசட்டை ஓடவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஜனவரியில் வாசல். ஜூனில் மணிக்கூண்டின் ஏணிக்கு அடியில் நின்றாய். “அடுத்த சனிக்கிழம அடிச்சிருவேம்லே” என்றாய். டைப்ரைட்டிங் மிஷினில் முதல் பரிசு வாங்கினபோதுகூட உன் முகம் அப்படி இருந்ததில்லை.

அந்த வாரம்தான் நான் செய்தி வாசித்தேன்.

கேசட்டில் கீச்சென்ற இரைச்சல் தவிர ஒன்றும் கேட்காது. அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று எழுதிவிடலாம். தெரியும், அக்கா. எத்தனை சனிக்கிழமை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பாட்டில் முதல் வரி போனால் மிச்சப் பாட்டு இருக்குமே, அது மாதிரி ஒரு நிமிஷம் போனால் என்ன என்று நினைத்தேன். நம் வீட்டு டேப் ரிக்கார்டரில் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே பதிந்தேன்: “செய்திகள். தாராவிப் பேரழகி ஒருத்தி கோட்டைக்குள் காணாமல் போனார். மாஸ்டரின் வழுக்கையில் இன்று வெயில் முப்பத்தெட்டு டிகிரி.” இன்ஸ்டிட்யூட் முழுக்க இது முழங்க வேண்டும், நீ என் காதைத் திருக வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

முழங்கவில்லை. கம்ப்யூட்டரோடு ஒயரில் மாட்டினால் கேசட்டின் குரல் வெளியே வராது என்பது எனக்குத் தெரியாது. திரையில் பிழை என்று வந்தது. நீ மறுபடி ஓட்டினாய். மறுபடி பிழை. நாலாவது தடவை கேசட்டைக் கழற்றி, ஊதிவிட்டுப் போட்டாய்.

மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். “மழைக்காலமோல்லியோ, டேப்புல ஈரம் எறங்கியிருக்கும்.”

“ஆமா மாஸ்டர், வீட்டுல ஒழுகுது” என்றேன் நான். துணைக்குப் போனவன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லேபர் கேம்ப் தாண்டினோம். நீ குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னாய்: “சரி, போட்டும். வழி தெரியும்லா. ரெண்டாந்தரம் வெரசாப் போயிருவேன்.”

அன்று முதல் கேசட்டைப் பாலிதீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாய். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். அம்மா படி போடும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். “என்னட்டி இது, சோத்துல பாட்டு வருமா?” என்பாள். நீ சிரிப்பாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு தின்பேன். இல்லாத ஈரத்துக்கு நீ காவல் காத்தாய். சொல்லிவிட ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் ஒரு வாய்ப்பு இருந்தது.

இரண்டாந்தரம் எட்டே வாரத்தில் ஏணியடிக்கு வந்துவிட்டாய். அதற்குள் மஞ்சள் காமாலை வந்தது.

ஆஸ்பத்திரியில் கண் இரண்டும் மஞ்சளாக, சின்னக் குரலில் கேட்டாய்: “நான் பெழையில்லாம அடிச்ச தாள் ஒண்ணு மாஸ்டர்ட்ட இருக்குலே. அந்த அர மணி நீ போ. ஏணில ஏறி மணிய அடிச்சிட்டு வா.” போனேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, “அடிச்சிட்டேன்க்கா” என்றேன்.

“சத்தம் எப்படிலே கேட்டுச்சு?”

“டிங்குனு. பெரிய கோயில் மணி கணக்கா.”

நீ சிரித்தாய். மூச்சு வாங்கும் வரை சிரித்தாய். அம்மா உன் நெஞ்சைத் தடவிவிட்டாள். அதுதான் நீ சிரித்துக் கடைசியாக நான் பார்த்தது. அந்த டிங்கை வைத்துத்தான் இன்று வரை சாலில் பிழைக்கிறேன். பையன்களுக்கு நான் சொல்லும் தீர்ப்புகளும் உன்னுடையவைதான். பேய்களைப் பற்றிச் சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள்.

நீ போன பிறகு உன் இடத்தில் டைப்ரைட்டிங் படிப்பவன் நான். அப்பாதான் சேர்த்துவிட்டார். இவ்வளவு நாளில் ஒரு தாள்கூடப் பிழையில்லாமல் அடிக்கவில்லை. அதனால் நிபுணர் அவர்கள் அதன் பிறகு கம்ப்யூட்டர் முன் ஆட உட்கார்ந்ததே இல்லை. இன்று அந்த அறைக்குள் போனது, பெஞ்சில் மாஸ்டர் படம் வரைந்ததற்குத் தண்டனையாகத் தூசி துடைக்க. துணி பட்டதும் பொத்தான் கையோடு வந்துவிட்டது. எழுத்தில்லாத அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: அந்த ஆட்டத்தில் சத்தமே கிடையாது.

உனக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறாய். தெரிந்துதான் சிரித்திருக்கிறாய்.

செய்தி வாசித்தவன் நான் என்பதும் தெரியுமா என்று இனி யாரிடம் கேட்பது? கேசட் இன்னும் அரிசி டின்னில்தான் இருக்கிறது. நீ ஏணிக்கு அடியில் நிற்கிறாய்.

அந்தச் சனிக்கிழமை நான் மணி அடிக்கவில்லை, அக்கா. கேசட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. உன் அரை மணி முழுக்க விண்கலம்தான் ஆடினேன். அதிலும் தோற்றுப்போனேன்.