ஏட்டில் இல்லாத பதில்

786
சென்னை
12-2-1960

அன்புத் தங்கை மெஹராஜுக்கு,

அண்ணன் சனாவுல்லாவின் சலாம். இங்கு நலம். மாப்பிள்ளை நூர் முகமதுக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ.

பட்டத்துக்காக நான் பதிப்பிக்கும் பழைய கிஸ்ஸாக் கதை ஏட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அதில் ஓர் ஓலையைக் கரையான் தின்றுவிட்டது. மணம் பேச வந்தவர்களுக்கு அரசகுமாரி பதில் சொல்லும் இடம். முன்னும் பின்னும் பார்த்து, அவள் இசைந்ததாக நானே நாலு அடி எழுதிச் சேர்த்தேன். அழகாகவே வந்தது. பேராசிரியர் பாக்கியராஜ் சிவப்பு மையால் அடித்துவிட்டார். "அவ என்ன சொன்னான்னு உமக்கு எப்படிய்யா தெரியும்? தெரியலைன்னா புள்ளி வச்சுட்டுப் போம்" என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் உன் நிக்காஹ் அன்று சம்மதம் கேட்க உள்ளே வந்த சாட்சிகளில் நானும் ஒருவன். நீ தலைகுனிந்திருந்தாய், பேசவில்லை. வழக்கப்படி மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சபையில் போய்ச் சொன்னேன். அன்று உன் மனதில் என்ன இருந்தது? மறைக்காமல் எழுது.

உன் அண்ணன்,
சனாவுல்லா

786
பேகம்பூர், திண்டுக்கல்
20-2-1960

அன்புள்ள அண்ணனுக்கு மெஹராஜ் சலாம்.

கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. மூன்று பிள்ளை பெற்ற பிறகு கேட்கிற கேள்வியா இது? கரையானைப் பார்த்த பிறகுதான் தங்கச்சி ஞாபகம் வந்ததாக்கும்! இவர் தோல் மண்டியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் "சாப்டியா?" என்று கேட்கிற மனிதர். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இதற்கு மேல் தோண்ட வேண்டாம்.

நம் தங்கை அஜீஸுன்னிசாவுக்கு இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை பெயர் ஜமால் முகமது, திருச்சியில் ஜவுளிக்கடை. பெருநாள் கழித்து ஏப்ரல் பத்தாம் தேதி நிக்காஹ். அவளுக்கு ஆசிரியப் பயிற்சி இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அதைச் சொன்னால் பெற்ற அத்தாவே, "அவளே ஒண்ணும் சொல்லல, உனக்கென்ன?" என்கிறார். அவள் நாலு நாளாகச் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். இந்தத் தடவையும் நீங்கள்தான் சாட்சியாம். வந்து சேருங்கள்.

தங்கை,
மெஹராஜ்

786
சென்னை
3-3-1960

அன்பு மெஹராஜுக்கு,

தோண்டவில்லை. என் பக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். உன் நிக்காஹ் அன்று நான் ரயிலைப் பிடித்துக் கல்லூரிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத், "செத்த நேரம் பொறுங்க தம்பி" என்று சொல்லும்போதே நான் எழுந்துவிட்டேன். பெண்ணின் வெட்கத்துக்கு மரியாதை கொடுத்து மார்க்கம் மௌனத்தை ஏற்றது. அதை நான் என் அவசரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

எங்கள் துறையில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று ஏடு ஏடாகத் தேடுகிறோம். மௌனமானால், கேட்டவன் எவ்வளவு நேரம் காத்திருந்தான் என்பதும் அந்தப் பொருளில் சேரும் என்று இப்போது தோன்றுகிறது. பேராசிரியரிடம் சொன்னேன். "எழுதும், பார்ப்போம்" என்றார்.

அஜீஸ் வாய் திறக்கும்வரை நான் எழமாட்டேன். அத்தாவை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

சனாவுல்லா

786
பேகம்பூர்
15-4-1960

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. அத்தா இன்னும் உங்கள் பேரை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நாலு நாளில் சரியாகிவிடும்.

நிக்காஹ் அன்று திரைக்குப் பின்னால் அஜீஸ் பக்கத்தில்தான் நான் இருந்தேன். நீங்கள் கேட்டதும் அவள் பேசவில்லை. நீங்களும் அசையவில்லை. வெளியே அத்தா, "என்ன இம்புட்டு நேரம்?" என்று இரண்டு தடவை சத்தம் போட்டார். கடைசியில் அவள், "படிப்ப முடிக்க விட்டாங்கன்னா சம்மதம்" என்றாள். அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சபையில் சொன்னீர்களாம். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தபோது ஜமால் முகமதே, "முடிக்கட்டும், அதுக்கப்புறம் கூட்டிட்டுப் போறேன்" என்றாராம். என் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். அஜீஸ் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகை நிற்கவில்லை. இவர் ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் எதிரில் வந்து உட்கார்ந்து, "அன்னைக்கு யாரும் சரியா கேக்கல. இப்ப நான் கேக்குறேன். உனக்குச் சம்மதமா?" என்றார். நான் பேசவில்லை. அடுப்பில் சோறு குழைந்தது. மண்டியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனான். அவர் எழவில்லை.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருந்தது அண்ணே. இப்போது இல்லை. அன்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று உங்களுக்கு எழுத மாட்டேன். அது காத்திருந்தவருக்குச் சொன்னது.

உங்கள் தங்கை,
மெஹராஜ்