ஐந்தாவது இன்னிங்ஸில் வாங்கிய பந்து

அக்டோபர் மாதத்துப் பேஸ்பால் மேலாளர்கள் எல்லாரும் கோழைகள். இன்று மதியம் தொழிற்சாலைச் சாப்பாட்டறைத் தொலைக்காட்சியில் அதை இன்னொரு தடவை பார்த்தேன். ஐந்தாவது இன்னிங்ஸ். எறிந்துகொண்டிருந்தவன் ஒரு ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை, முகத்தில் களைப்பும் இல்லை. மேலாளர் நடந்து வந்தார், கையை நீட்டினார், பந்தை வாங்கினார். வேலிக்குப் பின்னால் கை சூடாக்கிக்கொண்டு நின்றவர்களில் ஒருவன் ஓடி வந்தான். பிறகு இன்னொருவன். அதற்குப் பிறகும் ஒருவன். யாரோ மைக்ரோவேவில் மீன் சூடாக்கிய வாடை அறை முழுக்க நின்றது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மச்சான்.

முன்பெல்லாம் தொடங்கியவனே முடிப்பான் என்று நீதான் சொல்லுவாய். அவன் அடிவாங்கினால்தான் அவனுக்குப் பதிலாக எறிய ரிலீவர் வருவான். இப்போது பிளேஆஃப், அதுதான் கோப்பைக்கான கடைசிச் சுற்று ஆட்டங்கள், வந்தால் அடி விழும்வரை காத்திருப்பதில்லை. துடுப்பெடுப்பவர்கள் மூன்றாவது சுற்று வரும்போது இவனுடைய பந்தைப் படித்துவிடுவார்கள் என்று கணினி சொல்கிறது. அதனால் நன்றாக எறிந்தாலும் இறக்கிவிடுகிறார்கள். கெட்டிக்கார முடிவுதான். எனக்கு எரிச்சல் வருவதும் அதனால்தான்.

எங்கள் தொழிற்சாலையும் கெட்டிக்காரத்தனமாகத்தான் நடக்கிறது. நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தொகுதி ஆட்கள். கூலிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் வான் வந்து இறக்கும், நின்றவர்களை ஏற்றிக்கொண்டு போகும். முழுநாள் நின்றால் நிரந்தர வேலை கேட்பார்கள் என்று ஒருவரையும் முழுநாள் நிற்க விடுவதில்லை. புதிய கைகள் வேகமாக வேலை செய்யும் என்று மேற்பார்வையாளர் சிரித்தபடி சொல்வார். உறைந்த கோழிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று நீ என் காதுக்குள் சொன்னாய்:

“நாம எல்லாம் ரிலீவர்தான் மச்சான். கூப்பிடக்குள்ள வரணும், போகச் சொன்னாப் போகணும். வெண்டாலும் தோத்தாலும் வேற ஆர்ட பேரிலயோ எழுதுவானுகள்.”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை அணியில் நன்றாக எறியத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். மட்டக்களப்பிலிருந்து சின்ன வயதில் வந்து, மொன்ட்ரியால்-நோர் பூங்காவில் ஹெயிட்டிப் பிள்ளைகளோடு எறிந்து பழகிய கை. நான் யாழ்ப்பாணத்து அப்பாவோடு கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பிரெஞ்சில் படிவம் நிரப்ப வேறு ஆள் இல்லாததால் பயிற்சியாளர் ஆனேன். செயின்ட்-மிஷேல் மைதானத்தில் மதியம் பன்னிரண்டுக்கு ஆட்டம் தொடங்கும். ஆனால் உன்னுடைய வேலை இரண்டு மணிக்கு. நாலாவது, ஐந்தாவது இன்னிங்ஸில் ஏஜென்சி வான் தெருவில் நின்று ஹோர்ன் அடிக்கும். நீ பந்தை வைத்துவிட்டு, சட்டையை மாற்றியபடி ஓடுவாய். மிச்சத்தை யாராவது தப்பும் தவறுமாக எறிந்து முடிப்பார்கள். மூன்று கோடைகள் விளையாடியும் ஒரு ஆட்டத்தைக்கூட நீ முடித்ததில்லை.

போன வருடம் நாங்கள் இறுதியாட்டத்துக்கு வந்தபோது நீ வேலைக்கு வரமாட்டேன் என்று ஏஜென்சிக்குச் சொன்னாய். ஒருநாள் மறுத்தால் இரண்டு கிழமைக்குக் கூப்பிடமாட்டார்கள். தெரிந்துதான் சொன்னாய்.

“இந்த ஞாயிறு வரல்லண்டு சொல்லிட்டன். ஏழு இன்னிங்ஸும் என்ட கையில தா.”

“ஓம் மச்சான், முழுக்க உனக்குத்தான். பிறகு தோள் நோகுது எண்டு அழாதை.”

“அழுதா நீ தைலம் பூசிவிடு.”

ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு ஓட்டத்தால் முன்னால் நின்றோம். இரண்டு பேர் அடுத்தடுத்து உன் பந்தை அடித்தார்கள். பலத்த அடிகூட இல்லை. எனக்குத் தொலைக்காட்சி ஞாபகம் வந்தது. மூன்றாவது சுற்று தொடங்குகிறது என்று விரல் விட்டு எண்ணினேன். நடந்து வந்தேன். கையை நீட்டினேன்.

“கொஞ்சம் இருந்து ஆறு. கடைசி இன்னிங்ஸுக்குத் திருப்பி வா. நீதான் முடிக்கிறாய்.”

கிரிக்கெட்டில் நல்ல பந்துவீச்சாளருக்கு ஓவர் மிச்சம் வைத்துக் கடைசியில் கூப்பிடுவார்கள். என் தலைக்குள் இருந்தது அதுதான். நீ என்னைப் பார்த்தாய். பந்தை இரண்டு தடவை உள்ளங்கையில் உருட்டினாய். என் கையில் வைத்தாய். சூடாக இருந்தது.

ஏழாவது இன்னிங்ஸில் உன்னைக் கூப்பிட்டபோது நடுவர் கையை விரித்தார். “நோ, மெஸ்யூ. இல் எ சோர்த்தி.” வெளியே போனவன் போனவன்தான், திரும்பி வர முடியாது. மைதானத்தில் வேறு எங்காவது ஒரு மூலையில் உன்னை நிறுத்தியிருந்தால் மறுபடி எறிய விட்டிருப்பார்கள். நான் ஆறட்டும் என்று பெஞ்சில் இருத்திவிட்டேன். நடுவரோடு தெரிந்த பிரெஞ்சு, தெரியாத பிரெஞ்சு எல்லாவற்றிலும் சண்டை பிடித்தேன். தோற்றோம். மூன்று கோடையும் அந்த வான் பறித்ததை அன்று நான் பறித்தேன்.

பெஞ்சுக்கு வந்தபோதுதான் உன் கால்களைப் பார்த்தேன். ஆணிச் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, செருப்போடு இருந்தாய். பக்கத்தில் இருந்தவனைக் கேட்டேன். ஐந்தாவது இன்னிங்ஸிலேயே கழற்றிவிட்டாய் என்றான்.

பஸ்ஸில் நீ பகிடிவிட்டாய். “கிரிக்கெட்காரன்ட மூளை. தேத்தண்ணி இடைவேளையும் கேட்டிருக்கலாமே?” நான் சிரிக்கவில்லை.

“உனக்கு அந்தச் சட்டம் முதலே தெரியுமாடா?”

“மறுகா கதைப்பம்,” என்று பிறகுக்குத் தள்ளிவிட்டாய்.

கதைக்கவில்லை. டிசம்பரில் வயிற்று நோ என்றாய். ஏஜென்சி மூலம் வேலைக்கு வருபவனுக்குச் சுகவீன விடுப்பு இல்லை, அதனால் நோவோடு வேலைக்கு வந்தாய். பனி உருக முதல் நீ இல்லை. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே பதினொரு நாள் இருந்தேன். கேட்க வெட்கமாக இருந்தது. சாகக் கிடப்பவனிடம் பேஸ்பாலைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும். ஆட்டத்தை மறந்துவிட்டேன். அந்தப் பந்தின் சூட்டை மறக்க முடியவில்லை.

போன மாதம் மறுபடி பிளேஆஃப். இப்போது எறிகிறவள் பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வரும் ஒரு தமிழ்ப் பிள்ளை. இருபது வயது. ஐந்தாவது இன்னிங்ஸில் அடி விழத் தொடங்கியது. பழக்கதோஷம், நான் நடந்து போனேன். கையை நீட்டினேன். அவள் பந்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“அண்ணை, போய் இருங்கோ. நான் தரமாட்டன்.”

“இரண்டு பேர் பேஸில நிக்கினம், பிள்ளை.”

“கண் தெரியுது எனக்கு. போங்கோ.”

போனேன். தோற்றோம். ஆனால் கடைசிப் பந்து அவளுடையது. குளவி கொட்டியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வந்து, என் தோளில் இடித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள். எல்லாரும் அவளைச் சுற்றி நின்று கத்தினார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இறந்துபோன ஒருவன்மேல் இவ்வளவு கோபப்படலாமா என்று தெரியவில்லை. படுகிறேன்.

அவள் ஒரு சொல்லில் முடித்தாள். உனக்குச் சட்டம் தெரியும். நான் முட்டாள்தனம் செய்கிறேன் என்றும் தெரியும். “எனக்கு வாக்குத் தந்தாயே” என்று நீ கேட்டிருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன். தோள் நொந்ததா? நோய் அப்போதே உள்ளே இருந்ததா? அல்லது ஒருவன் கையை நீட்டினால் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும் என்று அந்தத் தொழிற்சாலை உன்னைப் பழக்கிவிட்டதா? என்னையும் அவர்களில் ஒருவனாகத்தான் பார்த்தாயா?

ஏன்டா தந்தாய்? சொல்லு.